பத்தாவதோடு ஸ்கார்ஃபை மடித்து வைக்காதீர்கள்: 15 முதல் 25 வயது வரை சாரணியர் இயக்கத்தில் என்ன இருக்கிறது, எப்படிப் பிடிப்பது

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் எங்கள் ஊர் வீடுகளில் முதலில் நிற்பது பாட்டு வகுப்பு, அடுத்து நிற்பது சாரணியர். சீருடை பீரோவின் அடித்தட்டுக்குப் போகும், ஸ்கார்ஃப் சைக்கிள் துடைக்கப் போகும் (எங்கள் வீட்டில் உண்மையிலேயே போனது, தம்பியை இன்னும் மன்னிக்கவில்லை). "அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம், இனிமே படிக்கிற வழியைப் பாரு" என்பார்கள். நாமும் சரி என்று விட்டுவிடுவோம், ஏனென்றால் அதற்குமேல் ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இருக்கிறது. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 25 வயது வரை உங்களுக்கு இடம் உண்டு, அதுவும் வேறு பெயரில், வேறு வேலைகளோடு. கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் தெரிந்துகொண்டதை நீங்கள் பதினைந்திலேயே தெரிந்துகொண்டால் இரண்டு மூன்று வருடம் மிச்சம். அதற்குத்தான் இது.

முதலில் உங்கள் பிரிவு எது என்று பாருங்கள்

சின்னக் குழந்தைகளுக்கு பன்னி (ஆங்கில Bunny, முயல்குட்டி), அதற்கு மேல் 10 வயது வரை பெண் பிள்ளைகளுக்கு நீலப்பறவையர் (புல்புல் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும்), 10 வயதிலிருந்து சாரணியர், அதாவது கைடு. 15 முடிந்தால் திரிசாரணியர், அதாவது ரேஞ்சர். 25 வரை ரேஞ்சர். கைடாக இருந்தவர்கள்தான் ரேஞ்சர் ஆகலாம் என்று ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். பள்ளியில் ஒரு நாள்கூட ஸ்கார்ஃப் கட்டாத பெண் கல்லூரி முதல் வருடத்தில் நேராக ரேஞ்சராகச் சேரலாம்.

கைடுக்கும் ரேஞ்சருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கைடு கம்பெனியில் (கைடு குழுவுக்கு அதுதான் பெயர்) கேப்டன் மேடம் சொல்வார், நீங்கள் செய்வீர்கள். ரேஞ்சர் டீமில் என்ன செய்வது என்று பேசி முடிவெடுப்பது நீங்கள், ரேஞ்சர் லீடர் பக்கத்தில் இருப்பார், அவ்வளவுதான். உங்களில் ஒருத்தி மற்றவர்களை முன்நின்று நடத்துவாள், அவள்தான் ரேஞ்சர் மேட். சாரணியரின் குறிக்கோள் 'தயாராக இரு', ரேஞ்சரின் குறிக்கோள் 'சேவை'. முதல் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்காமல் லீடர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், பழக்கதோஷம், மூன்றாவது கூட்டத்தில் சரியாகிவிடும்.

அடுத்து, ஒரு யூனிட்டைக் கண்டுபிடியுங்கள்

இதில்தான் பாதிப் பேர் களைத்துப் போய் விடுகிறார்கள். கல்லூரியில் என்எஸ்எஸ், என்சிசி, ஒய்ஆர்சி எல்லாம் நோட்டீஸ் போர்டில் இருக்கும், ரேஞ்சர் பற்றி ஒரு வரி இருக்காது. அலுவலகத்தில் கேட்டால் "அதெல்லாம் ஸ்கூல்ல தானேம்மா" என்பார்கள். அவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு சாரண சாரணியர் சங்கம் இருக்கும், அதற்கு ஒரு மாவட்டச் செயலரும் அமைப்பு ஆணையர்களும் இருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் ஆசிரியர்களே, பள்ளி நேரம் முடிந்தபின்தான் போனை எடுப்பார்கள். உங்கள் பழைய பள்ளியில் கைடு கேப்டனாக இருந்த டீச்சரைப் பிடித்தால் ஒரே நாளில் அந்த எண் கிடைத்துவிடும்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. இந்த இயக்கத்தில் ரயில்வேக்கு, கேந்திரிய வித்யாலயாவுக்கு, நவோதயாவுக்கு எல்லாம் தனித்தனி அமைப்பு உண்டு, அவை ஒவ்வொன்றும் ஒரு மாநிலம் மாதிரியே கணக்கு. ரயில்வே ஊர்களில், ரயில்வே குடியிருப்புகளை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும், அந்தக் குழுக்களில் ரேஞ்சர் டீம்கள் சுறுசுறுப்பாக இயங்குவதுண்டு. வெளியாட்களைச் சேர்ப்பார்களா என்பது குழுவுக்குக் குழு மாறும், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

எங்குமே இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள். பள்ளியோ கல்லூரியோ இல்லாமல் ஊர்ப் பொதுவில் நடத்தும் ஓபன் யூனிட் என்று ஒன்று உண்டு. அதற்கு உங்களைப் போல நாலைந்து பெண்கள் வேண்டும், வாரம் ஒருமுறை கூட ஒரு இடம் வேண்டும், லீடராக ஒரு பெண் வேண்டும், அப்புறம் மாவட்டச் சங்கத்தில் பதிவு. கஷ்டம் லீடர் கிடைப்பதில்தான். லீடருக்கான அடிப்படைப் பயிற்சி முடித்த, அல்லது முடிக்கத் தயாராக இருக்கிற ஒரு அக்காவோ டீச்சரோ வேண்டும். டீம் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், விதிப்படியே ஒரு டீமின் உச்சவரம்பு 24 பேர்தான். எட்டுப் பேரோடு நடக்கும் டீம்தான் என் அனுபவத்தில் நன்றாக நடக்கும், ஒரே ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு எல்லோரும் போய்விடலாம்.

சேர்ந்த நாளை எழுதி வையுங்கள், கையெழுத்தோடு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ரேஞ்சருக்கான படிகள் இப்படி: பிரவேஷ், பிரவீண், நிபுண், அதற்குமேல் ஆளுநர் கையெழுத்தோடு வரும் ராஜ்ய புரஸ்கார், உச்சியில் ராஷ்டிரபதி விருது, அதாவது குடியரசுத் தலைவர் விருது. கைடாக இருப்பவர்களுக்கு பிரவேஷுக்குப் பிறகு பிரதம சோபான், த்விதீய சோபான், திருதீய சோபான், பிறகு அதே இரண்டு விருதுகள். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு உடனே தாவ முடியாது. நடுவில் இத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு, அதை மாவட்டத்தில் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் அடிமட்டத்திலிருந்து ராஷ்டிரபதி வரை போக வருடங்கள் ஆகும். 25 வயதுக்குள் முடிய வேண்டும். 22 வயதில் ஆர்வம் வந்து சேர்ந்தால் ஒவ்வொரு மாதத்தையும் எண்ணிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும், 16 வயதில் சேர்ந்தால் பொதுத்தேர்வுக்கு ஆறு மாதம் ஓய்வு எடுத்தும் முடிக்கலாம்.

என் கதை சோகக் கதை. நான் சேர்ந்தது ஜூனில். பதிவேட்டில் என் பெயரை ஏற்றியது அடுத்த பிப்ரவரியில், மற்ற எல்லோரோடும் சேர்த்து மொத்தமாக. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, வேலை அதிகம், மறந்துவிட்டார்கள். ஆனால் விருதுக்கான தேர்வு முகாமுக்குப் பெயர் கொடுக்கும்போது பதிவேட்டுத் தேதிதான் பேசும், நான் எத்தனை கூட்டத்துக்குப் போனேன் என்பது பேசாது. ஒரு வருடம் போயிற்று. அழுதேன், புளியோதரை சாப்பிட்டேன், அடுத்த வருடம் போனேன்.

அதனால் செய்ய வேண்டியவை. உறுதிமொழி எடுத்த அன்றே தேதியை உங்கள் லாக் புத்தகத்தின் (செய்த வேலைகளைக் குறித்து வைக்கும் நோட்டு) முதல் பக்கத்தில் எழுதி லீடரிடம் கையெழுத்து வாங்குங்கள். வருடா வருடம் உங்கள் யூனிட்டின் பதிவு புதுப்பிக்கப்பட்டதா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள், அந்தப் பதிவு இல்லாவிட்டால் அந்த வருடம் நீங்கள் உறுப்பினரே இல்லை. ஒவ்வொரு முகாம் முடிந்ததும் சான்றிதழை அன்றே போட்டோ எடுத்து வையுங்கள், உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் மாறிப்போய்ப் பிற்பாடு அலைந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

லாக் புத்தகம் என்றால் ஏதோ அழகாக ஸ்டிக்கர் ஒட்டி ஜிகினா தூவுவது என்று பள்ளியில் பழக்கிவிட்டார்கள். தேர்வாளர்கள் பார்ப்பது அதை அல்ல. எங்கே போனீர்கள், எத்தனை பேர், என்ன செய்தீர்கள், எது சரியாக வரவில்லை. "மரம் நட்டோம்" என்று எழுதினால் ஒன்றும் இல்லை. 20 கன்று வைத்தோம், ஆடு தின்றது போக 11 நிற்கிறது, வேலிக்கு முள் வெட்டிப் போட்டோம் என்று எழுதினால் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார், அதிலிருந்துதான் கேள்வியும் கேட்பார், பதில் உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும்.

பிரவேஷில் உறுதிமொழி, ஒன்பது சட்டங்கள், வணக்கம், இடதுகைக் குலுக்கல், கொடி எல்லாம் கேட்பார்கள். இறைவணக்கமும் கொடிப்பாடலும் இந்தி, நாங்கள் எல்லோரும் தமிழில் எழுதி வைத்துத்தான் மனப்பாடம் செய்தோம், நீங்களும் அதையே செய்யலாம். அர்த்தத்தையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், நேர்காணலில் கேட்டிருக்கிறார்கள்.

முகாமுக்கு முன் கையில் பழக்க வேண்டியது

மாநிலத் தேர்வு முகாமில் எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறையும் உண்டு. பெண்கள் பெரும்பாலும் எழுத்தில் தேறிவிடுகிறோம், கயிற்றில் மாட்டிக்கொள்கிறோம்.

பாத்திரம் வைக்கும் தாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். முகாமுக்குப் போனதும் ஒவ்வொரு அணியும் ஆணி அடிக்காமல், வெறும் கம்பும் கயிறும் கொண்டு ஒன்று கட்ட வேண்டும். இரண்டு கம்பு குறுக்காகச் சேருமிடத்தில் சதுரக் கட்டு. நிற்கும் கம்பில் க்ளோவ் ஹிட்ச் முடிச்சுப் போட்டுத் தொடங்குங்கள், இரண்டு கம்பையும் சேர்த்து மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றையும் முந்தையதன் பக்கத்திலேயே ஒட்டிப் படியவிட்டு இழுங்கள், பிறகு இரண்டு கம்புக்கும் நடுவில் புகுத்தி இரண்டு இறுக்குச் சுற்று, மறுபடி க்ளோவ் ஹிட்சில் முடியுங்கள். கட்டு நிற்பது அந்த இறுக்குச் சுற்றில்தான். அதை லேசாக விட்டால் சாம்பார் குண்டானை வைத்ததும் தாங்கி மெதுவாகச் சாயும், எல்லோரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் துணி காயப்போடும் கயிற்றையும் இரண்டு விளக்குமாற்றுக் குச்சிகளையும் வைத்துப் பழகலாம், அம்மா திட்டுவார், பரவாயில்லை.

பாத்திரமில்லாச் சமையல் என்று இன்னொன்று. உருளைக்கிழங்கையும் முட்டையையும் தணலில் வைத்து வேகவைப்பது, பிசைந்த மாவைப் பச்சைக் குச்சியில் சுற்றி வாட்டுவது. சுடரில் காட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும், தணல் விழும் வரை காத்திருக்க வேண்டும், பசியோடு காத்திருப்பதுதான் அதில் பரீட்சையே.

முதலுதவியை மட்டும் தேர்வுக்காகப் படிக்காதீர்கள். முக்கோணக் கட்டுத்துணியால் கைக்குத் தொட்டில் கட்டுவது, இரண்டு கம்பும் போர்வையும் கொண்டு தூக்குப்படுக்கை செய்வது எல்லாம் கோவில் திருவிழாக் கூட்டத்தில் சேவைக்குப் போகும்போது நிஜமாகவே வேண்டியிருக்கும்.

பெரிய முகாம் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். 2025 ஜனவரி கடைசியில் இயக்கத்தின் வைர விழா ஜாம்போரி, அதாவது பெருமுகாம், திருச்சி மாவட்டம் மணப்பாறையில்தான் நடந்தது, நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். இந்த மாதிரி தேசிய நிகழ்ச்சி வாசலுக்கே வருவது அடிக்கடி நடக்காது. மத்தியப் பிரதேசத்து பச்மரியில் இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையமும் சாகச நிறுவனமும் இருக்கின்றன. மலை, பாறை ஏற்றம், காடு என்று அங்கே நடக்கும் முகாம்களுக்குக் கல்லூரிப் பெண்கள் போகிறார்கள். இரண்டு நாள் ரயில் பயணத்தில் உண்டாகும் சினேகம் தனி, அதை எந்தச் சான்றிதழிலும் எழுத மாட்டார்கள்.

18 ஆன பிறகு: தலைமை

இங்கேதான் இளம்பெண்களுக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்பது என் கருத்து, இங்கேதான் ஆளே இல்லை. எத்தனையோ பள்ளிகளில் நீலப்பறவையருக்கும் கைடுகளுக்கும் லீடர் கிடையாது. ரேஞ்சராக இருந்துகொண்டே பக்கத்துப் பள்ளியின் நீலப்பறவைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் உதவப் போகலாம். ஒரு தட்டில் சாவி, பொத்தான், புளியங்கொட்டை என்று 24 பொருளை வைத்து ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் துணியால் மூடுங்கள், ஏழு வயதுப் பிள்ளைகள் உங்களைவிட அதிகம் நினைவு வைத்திருப்பார்கள். கூட்டத்துக்கு முன்னால் நின்று பேச வராது என்று பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பழக்கம் நான் பார்த்ததில்லை.

அதில் மனம் ஒட்டினால் லீடர் பயிற்சி. அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி, கடைசியில் ஹிமாலய வுட் பேட்ஜ். ஒவ்வொன்றுக்கும் நடுவில் யூனிட் நடத்தியிருக்க வேண்டும், பயிற்சி மட்டும் எடுத்து அடுக்கிக்கொண்டே போக முடியாது. முடித்தவர்கள் கழுத்தில் இரண்டு மரமணி கோத்த தோல் கயிறு இருக்கும், அடுத்த முறை முகாமில் பார்த்தால் யார் என்று தெரிந்துகொள்வீர்கள். பி.எட். படிக்கிறவர்கள், டீச்சர் வேலைக்குப் போக நினைப்பவர்கள் அடிப்படைப் பயிற்சியையாவது முடித்து வைத்துக்கொள்வது நல்லது.

ரயில்வே வேலை: எல்லோரும் கேட்கும் கேள்வி

ஆமாம், உண்டு. ரயில்வே மண்டலங்கள் சாரணர் ஒதுக்கீட்டில் லெவல் 1, லெவல் 2 பணிகளுக்கு அறிவிப்பு விடுகின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றுவது போல "கைடு சர்டிபிகேட் இருந்தால் ரயில்வே வேலை" இல்லை. ராஷ்டிரபதி விருதோ ஹிமாலய வுட் பேட்ஜோ வேண்டும். சமீப காலத்தில் குறைந்தது ஐந்து வருடம் தொடர்ந்து செயல்பட்ட உறுப்பினர் என்று சான்று வேண்டும். தேசிய அளவிலோ அகில இந்திய ரயில்வே அளவிலோ இரண்டு நிகழ்ச்சிகள், மாநில அளவில் இரண்டு நிகழ்ச்சிகள் கலந்திருக்க வேண்டும். இதற்குப் பிறகு 60 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு, 40 மதிப்பெண் சான்றிதழ்களுக்கு. கல்வித்தகுதி லெவலுக்கு லெவல் வேறு, வயது வரம்பையும் அந்தந்த அறிவிப்பில் பாருங்கள். பணியிடங்கள் மிகக் குறைவு.

இப்போது மேலே போய்த் தேதி பற்றி எழுதியதைத் திரும்பப் படியுங்கள். அந்த 40 மதிப்பெண்ணும் ஐந்து வருடச் சான்றும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியும். பன்னிரண்டாவதோடு விட்டுவிட்டு 21 வயதில் அறிவிப்பைப் பார்த்துத் திரும்பி ஓடிவருகிறவர்களுக்கு நடுவில் இருக்கும் ஓட்டையை யாராலும் தைத்துக் கொடுக்க முடியாது. ஆனால் வேலைக்காக மட்டுமே சேருகிறேன் என்றால் நேரடியாகவே சொல்கிறேன், அந்த நேரத்தை டிஎன்பிஎஸ்சிக்குக் கொடுங்கள், கணக்கு அதுதான் சரியாக வரும்.

புனே, அதற்கும் அப்பால்

நம் இயக்கம் வேக்ஸ் (WAGGGS) என்று சுருக்கமாகச் சொல்லும் உலக சாரணியர் சங்கத்தில் உறுப்பு. 150க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. அதன் உலக மையங்களில் ஒன்று நம் நாட்டிலேயே, புனேயில் இருக்கிறது, அந்த மையத்தின் பெயரே 'சங்கம்'. 1966 அக்டோபரில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவலின் மனைவி ஓலேவ் பேடன்-பவல் வந்து திறந்து வைத்தது. சென்னையிலிருந்து ஒரு ராத்திரி ரயில். டீமோடு நிகழ்ச்சிகளுக்குப் போகலாம், 18 ஆனவர்கள் தன்னார்வலராகச் சில மாதங்கள் தங்கி வேலை செய்ய விண்ணப்பிக்கலாம். பல நாட்டுப் பெண்களோடு ஒரே சமையலறையில் பாத்திரம் தேய்த்தால் ஆங்கிலம் தானாக வரும், வகுப்புக் கட்டணம் மிச்சம்.

18 முதல் 30 வயதுப் பெண்களுக்கு ஜூலியட் லோ கருத்தரங்கு என்ற தலைமைப் பயிற்சியையும் வேக்ஸ் நடத்துகிறது, 1932இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. இயக்கம் உலக சாரணர் அமைப்பிலும் உறுப்பு என்பதால் உலக ஜாம்போரிக்கும் வழி உண்டு. அடுத்தது 2027இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில். அதில் பங்கேற்பாளர் வயது 14 முதல் 17, பெரியவர்கள் சேவைக் குழுவில் போகலாம். 18 முதல் 25 வரை உள்ளவர்களுக்கு மூட் என்று தனி உலக முகாம். இதற்கெல்லாம் விண்ணப்பம் மாநிலச் சங்கம், தேசியத் தலைமையகம் வழியாகத்தான் போக வேண்டும், செலவு பெரும்பாலும் நம் கையிலிருந்து. பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள், கடைசி நேரத்தில் அது இல்லாமல்தான் வாய்ப்புப் போகும்.

வீட்டில் பேசுவது

கடைசியாக வைத்திருந்தாலும் இதுதான் கடினமான படி. பையன்கள் முகாமுக்குப் போவதாகச் சொன்னால் "எப்ப வருவே" என்று கேட்கும் அப்பா, நம்மிடம் "யார் யார் வர்றாங்க, எங்க தங்குறீங்க, எத்தனை லேடி டீச்சர்" என்று கேட்பார். கோபப்படாதீர்கள், அந்தக் கேள்விகள் நியாயமானவைதான், நீங்களே கேட்க வேண்டியவை. பெண்கள் டீமுக்குப் பெண் லீடர் கூட வருகிறாரா, பெண்களுக்குத் தனித் தங்குமிடமும் கழிப்பறையும் உண்டா, பெற்றோர் சம்மதக் கடிதம் வாங்குகிறார்களா, ராத்திரி ஒரு பிரச்சினை என்றால் யாருக்கு அழைப்பது. லீடர் இதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால் அந்த முகாமுக்குப் போக வேண்டாம், நானே சொல்கிறேன். மாதவிடாய் நாட்களில் நீந்துவது, மலை ஏறுவது பற்றித் தயங்காமல் லீடரிடம் சொல்லிவிடுங்கள், அதற்குத்தான் பெண் லீடர்.

பணத்தைப் பொறுத்தவரை உறுப்பினர் கட்டணம் சொற்பம், சீருடையும் ரயில் கட்டணமும்தான் செலவு. சீருடையை அக்காமாரிடம் கேளுங்கள், பத்தில் எட்டு வீட்டில் பீரோ அடித்தட்டில் ஒன்று கிடக்கும்.

என் அம்மாவை மாற்றியது நான் பேசியது இல்லை. லீடர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, முகாம் அட்டவணையைக் கையில் கொடுத்து, அவருடைய போன் நம்பரைக் காலண்டரின் மேல் எழுதிவிட்டுப் போனார். அம்மா அந்தக் காலண்டரை வருடம் முடிந்தும் கழற்றவில்லை. உங்கள் லீடரையும் ஒருமுறை காபிக்குக் கூப்பிடுங்கள்.